மனு எழுதுகிறவர் கேட்கும் கேள்விகள்

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் பேனா மூடியைக் கழற்றுவதற்கு முன்பே நான்கைந்து கேள்வி கேட்டுவிடுவார். "எந்த ஊருங்க? கணக்குல எந்தக் கிராமத்துல வருது? சர்வே நம்பர் என்ன? பட்டா யார் பேர்ல இருக்கு? முன்னாடி மனு குடுத்திருக்கீங்களா, ரசீது வச்சிருக்கீங்களா?" வந்தவர் மனம் கொதித்து வந்திருப்பார். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை அரை முழம் தள்ளிப் போட்டதில் தொடங்கி, போன மாரியம்மன் பண்டிகையில் நடந்த வாய்த்தகராறு வரை சொல்லிக்கொண்டே போவார். எழுதுகிறவர் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வார். தாளில் ஏற்றுவது சிலவற்றைத்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பிறகு நடந்தது என்ன, கேட்பது என்ன, இணைத்திருப்பது என்னென்ன.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும், தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கைமாறுவது இந்தத் தாள்தான். ஊரகப் பகுதிகளுக்கான 'மக்களுடன் முதல்வர்' முகாம்கள் 2024 ஜூலை 11 அன்று இதே மாவட்டத்தின் பாளையம்புதூரில் தொடங்கப்பட்டன. அங்கும் எல்லாவற்றுக்கும் முதல்படி மனு. நம் ஊரைப் பார்த்திராத ஓர் அதிகாரி, நூறு மனுக்களுக்கு நடுவே நம்முடையதை எடுத்து இரண்டு நிமிடம் படிப்பார். அந்த இரண்டு நிமிடத்துக்குள் அவருக்கு வேண்டியது அத்தனையும் தாளில் இருந்தாக வேண்டும். அவர் மனத்தில் இல்லாததை நாம் எழுதினால்தான் உண்டு.

இன்று அலுவலக வேலைக்கு ஏஐ உதவியாளர்கள் வந்துவிட்டன. இ-சேவை மையத்திலும், உரக்கடையிலும், பள்ளி அலுவலகத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும் கைபேசி வைத்திருப்பவர் எவரும் அதைத் திறந்து ஒரு கடிதமோ கணக்கோ கேட்கலாம். அதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் வேலைக்குறிப்பை 'ப்ராம்ப்ட்' என்கிறார்கள். 'தூண்டுரை' என்று தமிழாக்குகிறவர்களும் உண்டு. இதைக் கற்றுத்தரக் கட்டண வகுப்புகள் நடக்கின்றன, மந்திர வாக்கியங்களின் தொகுப்புகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பலவற்றைப் படித்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தக் கலையின் பெரும்பகுதி மனு எழுதுகிறவரின் அந்த நான்கைந்து கேள்விகளிலேயே இருக்கிறது. அவர் கைவசம் உள்ள அறிவை அலட்சியம் செய்துவிட்டு வெளியூர்ச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது ஏன் என்பதும் விளங்கும். 2017இல் கூகுளைச் சேர்ந்த எட்டு ஆய்வாளர்கள் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற கட்டமைப்பை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் அஷிஷ் வாஸ்வானி. 2020இல் ஓபன்ஏஐ அந்த வழியில் 17,500 கோடி அளபுருக்கள் கொண்ட ஜிபிடி-3ஐ அறிவித்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. இவற்றின் அடிப்படை வேலை ஒன்றுதான்: இதுவரை வந்திருக்கும் சொற்களைப் பார்த்து, அடுத்து வரத் தகுந்த துண்டு எது என்று கணிப்பது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பெற்ற பழக்கம் அது. நாம் எழுதும் ப்ராம்ப்ட் அந்தக் கணிப்பு ஓடவேண்டிய வாய்க்காலை வெட்டுகிறது. வாய்க்கால் இல்லாவிட்டால் தண்ணீர் பள்ளம் பார்த்துப் போகும். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதிலே வருவது அதனால்தான்.

நம் ஊர்ப் பெயரே ஒரு பள்ளம். பாப்பிரெட்டிப்பட்டி சேர்வராயன் மலைக்கு வடக்கே, வாணியாற்றுப் பாசனப் பகுதியில் இருக்கிறது. அதே மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியும் இருக்கிறது. சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1925இல் மறைந்த ஊர், வேளாண் அறிவியல் நிலையம் இருக்கும் ஊர். இணையத்தில் இரண்டைப் பற்றியும் எழுதப்பட்டவை குறைவு, எழுத்து வடிவமோ நெருக்கம். ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்து விவரம் கேட்டால் ஒன்றின் செய்தி மற்றொன்றில் போய் ஒட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. "தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டம், வாணியாறு அணை இருக்கும் பகுதி, பாப்பாரப்பட்டி வேறு ஊர்" என்று ஒரு வரி சேர்ப்பது முகவரி எழுதுவதைப் போன்ற வேலைதான். தபாலில் பின்கோடு எழுத யாரும் சலித்துக்கொள்வதில்லை.

ஒரு மனுவையே எடுத்துப் பார்ப்போம். "பட்டா மாற்றத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடு" என்று கேட்டால் அழகான கடிதம் வரும். யாருக்கும் பொருந்தும், ஆகவே யாருக்கும் பயன்படாது. அதே வேலைக்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

"தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாட்சியருக்கு ஒரு மனு வேண்டும். மனுதாரர் விவசாயி. தகப்பனார் பெயரில் இருந்த நிலம் இப்போது மூன்று சகோதரர்களின் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டது, நகல் இணைக்கப்படும். கேட்பது: உட்பிரிவு செய்து மனுதாரர் பெயரில் தனிப் பட்டா. அவர் பங்கு 2 ஏக்கர் 35 சென்ட். இதை ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாற்றி எழுது, மாற்றிய கணக்கைப் படிப்படியாகத் தனியே காட்டு. பசலி என்று வந்தால் வருவாய்த் துறையின் பசலி ஆண்டு. பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சட்டப் பிரிவு எண் எதையும் நீயாகச் சேர்க்காதே. பெயர், புல எண், கைபேசி எண் வரும் இடங்களில் கோடு விட்டு வை. விவரம் போதாவிட்டால் எழுதத் தொடங்கும் முன் என்னிடம் கேள்."

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பசலியை எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்க் கணக்கில் பழகியவர் 590ஐக் கூட்டி ஆங்கில ஆண்டைச் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் இல்லாத ஒன்று 1434ஐ ஹிஜ்ரி ஆண்டாகக் கொண்டால் 2012க்குப் போய் நிற்கும். மனுவில் பன்னிரண்டு வருடம் பிசகினால் அது வேறு மனு. நிலப்பரப்புக்கும் அப்படித்தான். ஒரு ஏக்கர் 40.47 ஏர், 2 ஏக்கர் 35 சென்ட் என்பது 95.10 ஏர். படிப்படியாகக் கணக்கிடச் சொன்னால் இத்தகைய கருவிகளின் கணக்கு மேம்படுகிறது என்று 2022இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அதைவிடப் பெரிய நன்மை நமக்கு: எந்தப் படியில் தவறு நடந்தது என்று நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சட்டப் பிரிவு வேண்டாம் என்ற வரியை நான் எப்போதும் விடுவதில்லை. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை என்று தெரியவந்து, 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கருவி பொய் சொல்ல நினைத்ததென்று சொல்லமுடியாது. வழக்கு எண் வரவேண்டிய இடத்தில் வழக்கு எண் போலத் தோன்றுவதை வைத்தது, அவ்வளவுதான். தாலுகா ஆபீஸ் மனுவிலும் அப்படி ஓர் எண் வந்து உட்காரும். படிக்க நன்றாகவும் இருக்கும்.

இன்னொன்று, மாதிரி. புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளரிடம் மூத்தவர் முதல் நாள் சொல்வது, "பழைய ஃபைலை எடுத்துப் பாருப்பா" என்பதுதான். ஜிபிடி-3 பற்றிய 2020ஆம் ஆண்டுக் கட்டுரையின் முக்கியமான கண்டுபிடிப்பும் ஏறக்குறைய அதுதான்: இரண்டு மூன்று மாதிரிகளைக் காட்டிவிட்டு வேலையைக் கொடுத்தால், தனிப் பயிற்சி இல்லாமலே கருவி அந்தப் பாங்கைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் அலுவலகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு நல்ல கடிதத்தை, பெயர்களை நீக்கிவிட்டு, "இந்த நடையில்" என்று சேர்த்துப் பாருங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

வேளாண்மைக்கு வந்தால் விவகாரம் இன்னும் கூர்மையாகிறது. இந்தப் பகுதியில் மரவள்ளி முக்கியமான பயிர், பேச்சில் குச்சிக்கிழங்கு. உரக்கடைக்காரரோ, வேளாண் அலுவலரோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞரோ ஏஐ உதவியாளரிடம் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்: "மரவள்ளியில் மாவுப்பூச்சி, என்ன மருந்து அடிக்கலாம்?" கேள்வி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது.

தமிழ்நாட்டு மரவள்ளியைத் தாக்கியவை இரண்டு வேறு மாவுப்பூச்சிகள். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கண்டதையெல்லாம் தின்னும். 2010இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து அதை அடக்கினார்கள். பெரிதும் உதவியது அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி. மற்றது மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவில் பிறந்து, 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை வாரி அழித்த அதே பூச்சி. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 2020இல், கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம். சீக்கிரமே சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்துக்கும் வந்தது. இதற்குப் பப்பாளிக் குளவி உதவாது. அனாகைரஸ் லோபெசி என்ற வேறொரு குளவி வேண்டும். ஆப்பிரிக்காவில் அதை வைத்துப் பஞ்சத்தைத் தடுத்ததற்காகத்தான் ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் செயலகம் அதை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. மலையைச் சுற்றிப் போனால் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அது பக்கம்தான்.

இப்போது அந்தக் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். எந்த மாவுப்பூச்சி என்று அதில் இல்லை. 2020க்கு முன்பு எழுதப்பட்ட பக்கங்களில் மரவள்ளி மாவுப்பூச்சி என்றால் இந்தியாவில் பெரும்பாலும் பப்பாளிப் பூச்சியைத்தான் குறித்தது. அந்தப் பக்கங்களில் ஊறிய கருவி, உறுதியான குரலில், தவறான குளவியைச் சொல்லலாம். அல்லது ஐந்து பூச்சிக்கொல்லிகளை வரிசையாகத் தரலாம். அடித்தால் பூச்சியோடு குளவியும் சாகும்.

வயலில் நின்று எழுதிய ப்ராம்ப்ட் வேறு மாதிரி இருக்கும்: "தருமபுரி மாவட்டம், இறவை மரவள்ளி, நட்டு நான்கு மாதம். இங்கே குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி. நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிட்டன, கணுக்களுக்கு இடையே நீளம் குறைந்துவிட்டது. பூச்சியின் உடம்பு இளஞ்சிவப்பு. வரப்பில் இருக்கும் பப்பாளி மரத்தில் பூச்சி இல்லை. இன்னும் மருந்து எதுவும் அடிக்கவில்லை. தமிழ்நாட்டில் மரவள்ளியைத் தாக்கும் இரண்டு மாவுப்பூச்சிகளையும் வெறும் கண்ணால் பிரித்தறியும் அடையாளங்களைச் சொல். எது என்று நீ முடிவு கட்டவேண்டாம். ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி எடுத்துப் போவது எப்படி, அதுவரை செய்யக்கூடாதவை எவை என்று மட்டும் சொல்." பப்பாளிப் பூச்சி மஞ்சள் நிறம், மரவள்ளிப் பூச்சி இளஞ்சிவப்பு, பப்பாளியை நாடாது. இந்த இரண்டு விவரத்தையும் பார்த்தது கருவியின் கண் இல்லை, செடியின் நுனியைப் புரட்டிப் பார்த்த மனிதரின் கண். ப்ராம்ப்டின் தரம் என்பது பெரும்பாலும் அந்தப் புரட்டிப் பார்த்தலின் தரம்தான். காட்டுக்குள் இறங்காமல் நல்ல ப்ராம்ப்ட் எழுதிவிடலாம் என்று சொல்லும் எந்த வகுப்பையும் நான் நம்பத் தயாராக இல்லை.

கேட்பது எப்படி என்பதைத் தமிழ் இலக்கணம் நீண்ட காலமாக யோசித்து வைத்திருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கங்கர் குலத்துச் சீயகங்கனின் விருப்பத்துக்கிணங்க எழுதிய நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோன பாகுபாடு. ஏஐ உதவியாளரின் முன் உட்கார்ந்தபோதுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது.

நாம் இந்தக் கருவியிடம் கேட்பதில் அதிகம் அறியா வினா; தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. அங்கேதான் ஆபத்தும், ஏனென்றால் வந்த பதில் சரியா என்று பார்க்க நமக்கு வழி இல்லை. அதற்கு முன் ஓர் அறிவினா போட்டுப் பார்ப்பது நல்லது. ஆசிரியர் தமக்குத் தெரிந்ததையே மாணவரிடம் கேட்பதுபோல, நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைக் கேட்பது. வாணியாறு எந்த மலையில் பிறந்து எந்த ஆற்றில் கலக்கிறது? அணையின் முழு உயரம் எத்தனை அடி? சேர்வராயன் மலை, தென்பெண்ணை, 65.27 அடி என்று வந்தால் இந்த வட்டாரத்தைப் பற்றி அதற்குக் கொஞ்சம் தெரிகிறது என்று கொள்ளலாம். தடுமாறினால், இங்கத்திய விவரம் எதையும் அதன் நினைவிலிருந்து கேட்கக்கூடாது. ஆவணத்தை நாமே கொடுத்து அதிலிருந்து கேட்கவேண்டும்.

ஐய வினாவில் கவனம் வேண்டும். "இலை மஞ்சளாவது இரும்புச் சத்துக் குறைவாலா, துத்தநாகக் குறைவாலா?" என்றால் கருவி இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். உண்மையில் வேரடியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். நாம் இரண்டு கதவைத் திறந்துவிட்டு மூன்றாவதைச் சாத்திவிட்டோம். ஏவல் வினாவோ மனிதர்களுக்கிடையே நாசூக்கு: "இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் சுருக்க முடியுமா?" எதிரே இருப்பவர் நம் முகத்தைப் பார்த்து எவ்வளவு சுருக்கவேண்டும் என்று ஊகித்துக்கொள்வார். கருவிக்கு முகம் தெரியாது. எட்டு வரி, படிக்கப்போவது வட்டார வளர்ச்சி அலுவலர், தொகையும் தேதியும் விடக்கூடாது என்று ஏவலை வெளிப்படையாகவே சொல்லவேண்டும்.

விடையையும் நன்னூல் எட்டாகப் பிரித்திருக்கிறது. அதில் இனமொழி விடை என்பது கேட்டதை விட்டுவிட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. ஏஐ உதவியாளர்களின் தலையாய குறை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வாணியாற்று இடதுபுறக் கால்வாயைப் பற்றிக் கேட்டால் பொதுவாகக் கால்வாய்ப் பாசனத்தின் நன்மைகள் வரும். படிப்பவர் பதில் கிடைத்ததாகவே எண்ணிக்கொள்வார். இன்னொரு வகை, வினாவுக்கு எதிர் வினாவுதல். நல்ல உதவியாளரின் லட்சணம் அது. "விவரம் போதாவிட்டால் முதலில் என்னிடம் கேள்" என்ற வரியைச் சேர்த்தாலே பல கருவிகள் அந்தக் குணத்துக்கு வந்துவிடுகின்றன. அப்போது மனு எழுதுகிறவரின் கேள்விகள் எதிர்ப்பக்கத்திலிருந்து வரத் தொடங்கும்.

ஒரு நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் சொன்ன பத்துக் குற்றங்களையும் ப்ராம்ப்டுக்கு அப்படியே வைத்துப் பார்க்கலாம். குன்றக் கூறல், அதாவது வேண்டியதைவிடக் குறைவாகச் சொல்வது பற்றி மேலே நிறையப் பேசியாயிற்று. மாறுகொளக் கூறல்: "ஒரே பத்தியில் எழுது, எந்த விவரமும் விடாதே, சின்னப் பிள்ளைக்கும் புரியவேண்டும், அரசாணை நடையிலும் இருக்கவேண்டும்." மயங்க வைத்தல் நம் அலுவலகத் தமிழின் பழைய நோய், மூன்று சகோதரர்கள் வரும் மனுவில் "மேற்படியார்" என்று எழுதினால் எந்த மேற்படியார்? ஒரேயொரு குற்றத்தை மட்டும் இங்கே தெரிந்தே செய்யலாம், கூறியது கூறல். நீண்ட ஆவணத்தைக் கொடுத்தால் தலைப்பிலும் கடைசியிலும் இருப்பதைக் கருவி நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, நடுவில் இருப்பதைத் தவறவிடுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். ஆகவே இருபது பக்க அறிக்கையை ஒட்டும்போது, என்ன வேண்டும் என்பதை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை எழுதுவது நல்லது.

தமிழில் கேட்பதா, ஆங்கிலத்தில் கேட்பதா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டி என்ற சொல்லில் நமக்குப் பத்து எழுத்து. கணினிக்கு அது 19 குறியீடு, சேமிப்பில் 57 பைட். ஆங்கில எழுத்தில் அதே பெயர் 15 எழுத்து, 15 பைட். கருவிகள் எழுத்தை 'டோக்கன்' என்ற துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. அந்த வெட்டும் முறை ஆங்கிலத்துக்குத் தோதாக அமைந்ததால் தமிழ் பொடிப்பொடியாக நொறுங்கியது; செலவு கூடியது, ஒரே முறையில் கொடுக்கக்கூடிய பக்கங்கள் குறைந்தன. ஓபன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓவை வெளியிட்டபோது தந்த ஒப்பீட்டில், ஒரு சிறு வாசகத்துக்குத் தமிழில் முன்பு 116 டோக்கன் தேவைப்பட்டது, புதிய முறையில் 35 போதும். ஆங்கிலத்தில் அதே வாசகம் 27இலிருந்து 24 ஆனது. இடைவெளி முற்றிலும் அடைபடவில்லை, ஆனால் தமிழில் கேட்டால் வீண் என்ற காலம் போய்விட்டது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத், மத்திய அரசின் பாஷினி போன்ற முயற்சிகளும் இந்த இடைவெளியைக் குறைக்கவே உழைக்கின்றன.

என் பழக்கம் இது: பதில் தமிழில் வேண்டுமென்றால் தமிழிலேயே கேட்கிறேன். பூச்சி, மருந்து, நோய்ப் பெயர்களை மட்டும் அறிவியல் பெயரோடு சேர்த்துக் கொடுக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதி வாங்கித் தமிழாக்கச் சொன்னால் வருவது மொழிபெயர்ப்பு நெடி வீசும் தமிழ். கிராம சபைக் கூட்டத்தில் படித்தால் முன்வரிசையே திரும்பிப் பார்க்கும். தருமபுரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஊர்கள் நிறைய. அங்கே வழங்கும் சொல் ஒவ்வொன்றும் கருவிக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. "இங்கே இந்தச் சொல்லுக்கு இது பொருள்" என்று ஐந்தாறு சொற்களின் பட்டியலை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ப்ராம்ப்டோடும் ஒட்டிவிடலாம்.

எண்கள் விஷயத்தில் கவனக்குறைவு மன்னிக்கமுடியாதது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இலேசாகச் சொல்லிவிட்டுப் போகமுடியாத உதாரணம். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். பழங்குடி மக்கள் தாக்கப்பட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சிபிஐ விசாரித்து 269 பேர் மீது குற்றம் சாட்டியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். அதில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது.

ஒரு மாணவரோ செய்தியாளரோ ஏஐ உதவியாளரிடம் "வாச்சாத்தி வழக்கில் எத்தனை பேர்?" என்று கேட்டால் 269, 215, 54, 18, 17 ஆகிய எல்லாமே ஏதோ ஒரு கேள்விக்குச் சரியான விடை. எந்தக் கேள்விக்கு எது என்பது ப்ராம்ப்டில் இல்லாவிட்டால் எண்கள் இடம் மாறும். இத்தகைய வேலைக்குத் தீர்ப்பின் முழு நகலைக் கொடுத்து, "இதிலிருந்து மட்டும் சொல், குற்றம் சாட்டப்பட்டோர், தீர்ப்புக்கு முன் இறந்தோர், தண்டிக்கப்பட்டோர், பாதிக்கப்பட்டோர் என்று தனித்தனியே எண் தா, ஒவ்வோர் எண்ணுக்கும் பத்தி எண் குறிப்பிடு, தீர்ப்பில் இல்லாததை இல்லை என்று சொல்" என்று கேட்கவேண்டும். பிறகு அந்தப் பத்தியை நாமே திறந்து பார்க்கவேண்டும். சம்பவத்துக்கும் முதல் தீர்ப்புக்கும் நடுவே 19 ஆண்டுகள் அந்த மக்கள் திரும்பத் திரும்ப ஒரே விவரத்தைச் சொன்னார்கள். அந்த விவரத்தை நம் சோம்பலால் கலைத்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் இன்னொரு தீங்கு.

எழுதக்கூடாததைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனுவில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதி, நோய் விவரம் என்று எல்லாம் வரும். தாலுகா ஆபீஸுக்கு அது தேவை. மனுவின் வாசகத்தைத் திருத்தித் தரும் கருவிக்குத் தேவையில்லை. மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில், அரசுத் தகவல்களின் இரகசியம் கருதி, அலுவலகக் கணினிகளில் ஏஐ கருவிகளைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. மேலே நான் காட்டிய ப்ராம்ப்டில் பெயருக்கும் எண்ணுக்கும் கோடு விடச் சொன்னது இதனால்தான். கோட்டைப் பேனாவால் நிரப்ப அரை நிமிடம் ஆகும்.

தாலுகா ஆபீஸ் வாசலில், எழுதி முடித்த தாளை மனு எழுதுகிறவர் உடனே நீட்டிவிடுவதில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படிக்கிறார். அனுப்புநரிலிருந்து இணைப்பு வரை, ஒரு வரி விடாமல். எதிரே நிற்பவர் தலையாட்டிக்கொண்டே வருகிறார். நடுவில் ஒரு இடத்தில் கை உயர்கிறது. "சாமி, அது கிழக்கால வரப்பு இல்லீங்க. மேற்கால." எழுதுகிறவர் நிறுத்துகிறார். அந்த வரியை அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதுவதா, புதுத் தாள் எடுப்பதா என்று ஒரு கணம் யோசிக்கிறார். புதுத் தாளை எடுக்கிறார்.